பெரிய வண்டியின் டீஸல் யந்திரம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி என்று ஓர் ஊர் இருக்கிறது. செம்மண் நிலம், சுற்றிலும் முந்திரித் தோப்புகள், மேற்கே சென்றால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். சென்ற கோடையில் நமக்கு வேண்டிய கனவான் ஒருவருடன் அவ்வழியே செல்ல நேர்ந்தது. அவருடைய வண்டி, காடு மேடு பாராமல் ஓடும் என்று விளம்பரம் செய்யப்படும் விலையுயர்ந்த டீஸல் வண்டிகளுள் ஒன்று. எந்தக் கம்பெனியின் வண்டி என்பது இங்கு அவசியமில்லை. ஊரைத் தாண்டுமுன் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வேகம் தானே குறைந்து, வண்டி நத்தைபோல ஊர்ந்தது. சாலையோரத்தில் டிராக்டர்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் வைத்தியம் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்து பானெட்டைத் திறந்தார். சிறிது நேரம் பார்த்தார். "ஐயா, இதுல எஞ்சின் எங்கேங்க இருக்குது? மூடிதானே தெரியுது?" என்றார்.

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. இந்த வண்டிகளின் யந்திரம் நம்பத்தக்கதுதானா என்று நம்மிடம் விசாரிக்கும் அன்பர்கள் பலர். நமது பொதுவாழ்வில் ஒருவர் சற்றுத் தலையெடுத்தவுடன் அவரைத் தேடி இத்தகைய வண்டி வந்துவிடுகிறபடியால், மூடிக்கு அடியில் இருப்பதைச் சற்று விவரமாகவே ஆராய்வது பொருந்தும்.

ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1893-ல் பேடண்டு பெற்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் மிக எளியது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை அறியாதார் யார்? காற்றை இறுக்கினால் அது காய்கிறது. மிகுதியாக இறுக்கி, அந்தக் கொதிக்கும் காற்றில் எண்ணெயைப் பீச்சினால் அது தானே பற்றிக் கொள்கிறது, மின்பொறி வேண்டுவதில்லை. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் டீஸல் யந்திரம் கனமாகவும் உறுதியாகவும் செய்யப்படுகிறது. நம் வயல்களில் பம்புசெட்டு முப்பது வருஷம் உழைப்பதன் ரகசியம் இதுவே.

சீமான்களின் காட்டு வண்டிக்கு இந்த யந்திரம் சற்றுத் தாமதமாகவே வந்தது. 1970-ல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் பெட்ரோலில்தான் ஓடிற்று. டீஸல் யந்திரம் அதில் 1986-ல் ஏறியது. இன்றோ ஆறு உருளை கொண்ட ரேஞ்ச் ரோவர் டீஸலும் சரி, ஜப்பானிய லாண்ட் குரூஸரின் 3.3 லிட்டர் டீஸலும் சரி, 700 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகின்றன. நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களில் இது சுமார் 110தான். அதிலும், நிமிஷத்துக்கு 1,500, 1,600 சுற்றுகளிலேயே இந்த விசை முழுவதும் கிடைத்துவிடுகிறது. இரண்டரை டன் எடையைச் சேற்றிலிருந்தும் மணலிலிருந்தும் பதறாமல் இழுத்துக் கொண்டு வெளியேறுவது இதனால்தான். இந்தப் புகழில் பொய்யில்லை.

பின் பழுது எங்கிருந்து வருகிறது? ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். போர்டு கம்பெனியும் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவும் கூடி வகுத்த ஆறு உருளை டீஸல் யந்திரம் ஒன்று, இங்கிலாந்தில் டாகன்ஹாம் ஆலையில் உற்பத்தியாகி, 2004-ல் 2.7 லிட்டராக லாண்ட் ரோவர் டிஸ்கவரியில் ஏறிற்று. 2009-ல் 3 லிட்டராக வளர்ந்தது. அதன் உடல் சாதாரண வார்ப்பிரும்பைவிட வலிமையான விசேஷ இரும்பால் ஆனது. ஆயினும் அதன் உயிர்நாடியான கிராங்க் ஷாப்டு முறிந்து போவதும், ஷாப்டைத் தாங்கும் பேரிங் தன் இடத்திலேயே சுழன்றுவிடுவதும் உலகெங்கும் மெக்கானிக்குகள் கண்டு பேசிய வியாதி. பேரிங் ஓடுகளை இடத்தில் நிறுத்தும் சிறு கொக்கி இல்லாததே காரணம் என்பார் சிலர். எண்ணெய் கெட்டதே காரணம் என்பார் வேறு சிலர். காரணம் எதுவாயினும், ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்பது தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். அது ஒரு கணம் அறுந்தால் இரும்பு இரும்பைத் தின்கிறது. அதன்பிறகு யந்திரத்தையே மாற்ற வேண்டும். கணக்கு லக்ஷங்களில் வரும்.

இந்த எண்ணெய் விஷயத்தில் கம்பெனிகளின் புத்திமதியை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று சீமையில் சொல்லி வந்தார்கள். அது சீமையின் குளிருக்கும், தூசியில்லாத சாலைக்கும், முதல் மூன்று வருஷத்தில் வண்டியை விற்றுவிடும் வழக்கத்துக்கும் பொருந்தலாம். சுரங்கங்களில் உழைக்கும் கனரக வண்டிகளுக்கு எண்ணெய் மாற்றுவது கிலோமீட்டர்க் கணக்கிலன்று. யந்திரம் ஓடிய மணிக் கணக்கில். நின்ற இடத்தில் ஏ.ஸி.க்காக இரண்டு மணி நேரம் ஓடும் தலைவர் வண்டிக்கும் அதுவே சரியான கணக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல, கோடி ரூபாய் வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் எண்ணெயில் சிக்கனம் பார்ப்பாரை நாம் கண்டிருக்கிறோம்.

புதிய வண்டிகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாரத் 6 விதிகள் அமலுக்கு வந்தபின், டீஸல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மக்களின் நுரையீரலுக்கு இது நன்மையே; அதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் வடிகட்டி நிறைந்தால், சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி உஷ்ணத்தில் எரித்தாக வேண்டும். நெடுந்தூரம் ஓடினால் அது நடந்துவிடும். குள்ளஞ்சாவடியிலிருந்து குறிஞ்சிப்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வண்டியில் நடக்காது. உஷ்ணத்தை ஏற்ற யந்திரம் கூடுதலாக டீஸலைப் பீச்சுகிறது. பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்துகிறோம். எரியாத டீஸல் உருளையின் சுவர் வழியே வழிந்து கீழே எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் நீர்த்துப் போகிறது. நீர்த்த எண்ணெய் என்ன செய்யும் என்பதை மேலே சொன்னோம். காட்டில் ஓடப் பிறந்த வண்டி, கடைவீதிக்குப் போய் வருவதாலேயே கெடுகிறது!

ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று நடந்தது. 2015-க்கும் 2020-க்கும் இடையே அங்கே விற்ற டொயோட்டா பிராடோ, பார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகள் 2,64,170-ல், மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓடுகையில் வடிகட்டி ஒழுங்காகச் சுத்தமாவதில்லை என்பது வழக்கு. வண்டியின் மதிப்பு 17.5 விழுக்காடு குறைந்ததென்று 2022 ஏப்ரலில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2023-ல் மேல் முறையீட்டில் அது 10 விழுக்காடாயிற்று. 2024 நவம்பரில் அந்நாட்டு உச்ச மன்றம் கணக்கை மறுபடி பார்க்கும்படி திருப்பி அனுப்பிற்று. உறுதிக்குப் பேர் போன கம்பெனியின் யந்திரமும் குற்றமற்றதன்று என்பது இதனால் விளங்கும். 2024 ஜனவரியில், அதே குழுமத்தின் யந்திர ஆலை மூன்று டீஸல் யந்திரங்களின் குதிரைசக்திச் சோதனையில், விற்பனைக்குரிய மென்பொருளை விட்டு வேறு மென்பொருளை வைத்து அளவுகளைச் சீராகக் காட்டியது வெளிப்பட்டது. லாண்ட் குரூஸரின் யந்திரமும் அவற்றுள் ஒன்று. சக்தியில் குறைவில்லை என்று பின்னர்ச் சொன்னார்கள். குறைவில்லையென்றால் மறைப்பானேன்?

தூசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். காற்று வடிகட்டியின் விளிம்பு ஒரு நூல் விலகினாலும் செம்மண் உள்ளே சென்று உருளையை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். தண்ணீர் இன்னும் கொடியது. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கடலூர்ப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ரேஞ்ச் ரோவர் 900 மில்லிமீட்டர் ஆழம்வரை நீரில் செல்லும் என்கிறார்கள். லாண்ட் குரூஸருக்கு 700. அது தேங்கிய நீருக்கு. எதிரே வரும் லாரி எழுப்பும் அலைக்கு அன்று. காற்றை இறுக்கலாம், தண்ணீரை இறுக்க முடியாது. உருளைக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதிருப்பதே உயிர் காக்கும் வழி. சாதாரண இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் 'தொடர் நஷ்டம்' விலக்கப்பட்டிருப்பதையும், யந்திரப் பாதுகாப்புக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதையும் வண்டி வைத்திருப்போர் இப்போதே எடுத்துப் பார்ப்பது நலம்.

இவ்வளவும் உடையவரின் ஜாக்கிரதையைப் பொறுத்தவை. அவர் கையில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த யந்திரத்தின் வியாதியை முழுவதும் படிக்கக் கம்பெனியின் கருவி வேண்டும். அந்தக் கருவி பெரும்பாலும் கம்பெனிக் கடையில்தான் இருக்கும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-ந் தேதி 14 மோட்டார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்ததே குற்றம். மேல் முறையீடு செய்த மூன்று கம்பெனிகள் விஷயத்தில் 2016-ல் குற்றம் உறுதியாயிற்று, அபராதம் குறைந்தது. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022-ல் மத்திய சர்க்கார் அமைத்த குழுவின் எல்லையில் மோட்டார் வண்டிகளும் சேர்ந்திருந்தன. ஆனால் சாலையோர மெக்கானிக்கின் கைக்கு அந்தக் கருவி வந்தபாடில்லை.

லாண்ட் ரோவரை 2008-ல் டாட்டா வாங்கியபோது நாம் பெருமைப்பட்டோம். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ரூ. 9,000 கோடி முதலீட்டில் அக்கம்பெனியின் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டபோதும் பெருமைப்பட்டோம். முதலாளி நம்மவர், மண் நம்முடையது, வேலை செய்வோரும் நம் பிள்ளைகள். யந்திரத்தின் ஞானம் மட்டும் ஏன் பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும்? பழுதுபார்க்கும் புத்தகத்தை விலைக்கு விற்கட்டும், தமிழிலும் அச்சிடட்டும். சோதனைக் கருவியை நியாயமான கட்டணத்துக்குக் கொடுக்கட்டும். பயிற்சி தருவது எப்படியென்று ஐ.டி.ஐ. பள்ளிகளுடன் கலந்து பேசட்டும். கேட்பது சலுகையன்று, ஆணையம் சொன்ன சட்டம்.

நம் கனவானின் வண்டி அன்று லாரியில் ஏறிச் சென்னை சென்றது. பதினோரு நாள் கழித்துத் திரும்பிற்று. யந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. வடிகட்டியின் உணர்கருவிக்குச் செல்லும் கம்பி ஒன்றை எலி கடித்திருந்ததாம். அடுத்த முறை அவ்வழியே போனபோது அந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னோம். "கம்பி எதுன்னு தெரிஞ்சா ஒட்டியிருப்பேனுங்களே, ஐயா" என்று சொல்லிவிட்டு, அவர் டிராக்டரின் அடியில் மறுபடி படுத்துக்கொண்டார்.