உத்திரமேரூரில் ராக்கெட் விட முடியாதா?

கிழக்கே கடல் வேண்டும்! கீழே ஆள் இருக்கக் கூடாது!!

உத்திரமேரூர்-

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் காஞ்சீபுரம் மாவட்ட டீக்கடைகளில் ஒரு கேள்வி எழும். "அங்கே விடுறதை இங்கே விட்டா என்ன? ஏரியும் வயலுமா இவ்வளவு இடம் கிடக்குதே!"

நியாயமான கேள்விதான். நேர்க்கோட்டில் பார்த்தால் இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சுமார் 130 கிலோ மீட்டர்தான். ஆனால் இடம் மட்டும் இருந்தால் போதாது.

குடவோலைத் தேர்தலில் யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. ராக்கெட் தளத்துக்கும் அப்படித் தகுதிகள் உண்டு.

பூமி தரும் இலவச வேகம்

பூமி மேற்கில் இருந்து கிழக்கே சுற்றுகிறது. பூமத்திய ரேகையில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோ மீட்டர். கிழக்கு நோக்கி ராக்கெட் விட்டால் இந்த வேகம் இலவசம். ஓடும் பஸ்சில் இருந்து முன்பக்கமாகப் பந்து வீசுவது மாதிரி!

பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க லாபம். இதில் உத்திரமேரூர், ஸ்ரீஹரிகோட்டாவை மயிரிழையில் ஜெயிக்கிறது.

அடுத்ததில் டெபாசிட் காலி!

ராக்கெட்டின் அடுக்குகள் எரிந்து முடிந்ததும் கழன்று விழும். கோளாறு வந்தால் முழு ராக்கெட்டும் விழும். 1979 ஆகஸ்டு 10-ந்தேதி எஸ்.எல்.வி.-3 அப்படித்தான் வங்கக்கடலில் விழுந்தது.

உத்திரமேரூருக்குக் கிழக்கே கடல் சுமார் 50 கிலோ மீட்டர். அதற்குள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், போதாக்குறைக்கு கல்பாக்கம் அணுமின் நிலையம்! யார் தலையில் விழுவது?

ஸ்ரீஹரிகோட்டா ஒரு தீவு. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறு பக்கம் வங்கக்கடல். அதனால்தான் 1969-ல் அது தேர்வானது.

குலசேகரன்பட்டினம் ஏன்?

துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கே விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேராகத் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. எனவே ராக்கெட் வளைந்து போகிறது. அதில் எரிபொருள் வீண்; ஏற்றும் எடையும் குறைகிறது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே அண்டார்டிகா வரை கடல்தான். சிறிய ராக்கெட்டுகளுக்கான அந்தத் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந்தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 986 கோடி ரூபாய்.

இறங்கவும் இடம் வேண்டும்

ரஷியர்கள் கசகஸ்தானின் புல்வெளியில் இறங்குகிறார்கள். நம் ககன்யான் சோதனைக் கலம் 2023 அக்டோபர் 21-ந்தேதி வங்கக்கடலில் இறங்கியது.

நிலவில் சந்திரயான்-2 இறங்கக் குறித்த இடம் அரை கிலோ மீட்டர் சதுரம். 2019-ல் லேண்டர் மோதி நொறுங்கியது. அடுத்த முறை சுமார் 4 கிலோ மீட்டர் நீளம், இரண்டரை கிலோ மீட்டர் அகலம் என்று தாராளமாகக் குறித்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந்தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

ஆள் இல்லாத இடமா?

'ஆள் இல்லாத இடம்' என்று சொல்வது எளிது. ஸ்ரீஹரிகோட்டாவில் யானாதி பழங்குடியினர் வாழ்ந்தார்கள். தளத்துக்காக அவர்கள் வெளியேற வேண்டி வந்தது.

இன்றும் ராக்கெட் நாளில் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும். நாம் மொட்டை மாடியில் நின்று கை தட்டுகிறோம். அவர்களுக்கு அன்று பிழைப்பு இல்லை.