அடங்காத பிள்ளையா? அறியப்படாத பாதிப்பா?

"அடியாத மாடு படியாது" என்பது நம்மவர் நாவில் எளிதாக வந்துவிடும் பழமொழி. ஆயினும், எவ்வளவு கண்டித்தாலும் நேற்றுப் படித்ததை இன்று மறந்துவிடும் பிள்ளைகள் உளர். காசுக் கணக்கும் கடிகார நேரமும் விளங்காமல், செய்த தவறையே மறுநாளும் செய்து, காரணம் கேட்டால் விழித்து நிற்கும் பிள்ளைகளும் உளர். இத்தகையோரிற் சிலருக்கு, பிறப்பதற்கு முன்னரே மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது. தாய் கருவுற்ற காலத்தில் அருந்திய மதுவே அதற்குக் காரணம்.

இப்பாதிப்பை வைத்திய உலகம் சுருக்கமாக எவ்.ஏ.எஸ்.டி. என்கிறது. 1968ஆம் ஆண்டில் பிரான்சின் நாந்த் நகரத்துக் குழந்தை வைத்தியர் போல் லெமுவான், குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 பிள்ளைகளை ஆராய்ந்து எழுதினார். அன்று அதைக் கவனித்தோர் சிலரே. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர்கள் இதற்குப் பெயரிட்ட பின்னரே உலகம் விழித்தது. கனடாவில் நூற்றுக்கு 4 பேர் வரையில் இப்பாதிப்புடன் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது.

தாயின் குருதியிற் கலந்த மது, நச்சுக்கொடி வழியாகச் சிசுவையும் சென்றடைகிறது. அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் சிசுவின் ஈரலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. மூளையோ பத்து மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. ஆகவே, இந்த மாதத்திற்குப் பின் தீங்கில்லை என்று கூற இடமில்லை. தீங்கற்ற அளவு என்றும் ஒன்று கண்டறியப்படவில்லை. 341 மில்லிலீற்றர் பியரில் உள்ள மதுசாரமும் 43 மில்லிலீற்றர் விஸ்கியில் உள்ள மதுசாரமும் ஏறத்தாழ ஒன்றே. "வைன் பழச்சாறுதானே", "குளிருக்குச் சிறிது பிரண்டி நல்லது" என்னும் பேச்சுக்கள் கருவிலுள்ள குழந்தையைக் காக்கமாட்டா.

"எங்கள் பெண்கள் குடிப்பதில்லை" என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். புதிய நாட்டில், விருந்துகளிலும் வேலைத்தல ஒன்றுகூடல்களிலும் கிண்ணம் எல்லோர் கைக்கும் வருகிறது. போரின் நினைவும் தனிமையும் தாளாமல் மறைவில் அருந்துவோரும் இருக்கக்கூடும். கருவுற்றதை அறியுமுன் அருந்தியோரும் உளர். அவர்களைத் தூற்றினால் அவர்கள் வைத்தியரிடமும் வாய் திறவார். உண்மை சொல்லப்படாவிட்டால் பிள்ளையின் பாதிப்பைக் கண்டறிவது மிகவும் கடினமாகிவிடும்; ஏனெனில், முகத்தில் அடையாளம் தோன்றுவது சிலருக்கு மாத்திரமே.

கருவுற்றிருக்கும் சகோதரியரே, எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையே. நாள்தோறும் அருந்திப் பழகியவர்கள் திடீரெனத் தாமாக நிறுத்தாமல், வைத்தியரின் உதவியுடன் நிறுத்த வேண்டும். கணவன்மாரே, அந்தப் பத்து மாதமும் உங்கள் வீட்டில் போத்தல் இல்லாதிருப்பது மனைவிக்கு நீங்கள் அளிக்கும் பெருந்துணை.

பிள்ளையைப் பற்றி ஐயமிருப்பின், குடும்ப வைத்தியரிடம் ஒளிவின்றிக் கூறுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் முன்கூட்டியே கேளுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையையோ அதன் மூத்தோரையோ அப்பணிக்கு அமர்த்தாதீர்கள். தாயின் துயரைப் பிள்ளை மொழிபெயர்ப்பது முறையன்று. வைத்தியர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோர் கூடிச் சோதித்தே முடிவு கூறுவர். அம்முடிவைப் பாடசாலையிடம் கொடுத்து, பிள்ளைக்கெனத் தனிக் கல்வித் திட்டம் வகுக்குமாறு கேளுங்கள்.

மூளையில் ஏற்பட்ட இப்பாதிப்பை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. ஆயினும் வழி உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை மாத்திரம் கூறுங்கள். சுருங்கச் சொல்லி, செய்து காட்டுங்கள். எழுவது, உண்பது, உறங்குவது யாவும் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நிகழட்டும். அவ்வொழுங்கைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். மறந்தால் மீண்டும் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு முன் கண்டறியப்பட்டு, அமைதியான வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் பெருந்தொல்லைகளிற் சிக்குவது குறைவு என்று 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

ஒன்பது மாதக் கர்ப்பத்தை நினைவூட்டும் வகையில், 1999ஆம் ஆண்டு முதல் செப்டெம்பர் 9ஆம் நாள் இதற்குரிய விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. நமது சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அந்நாளில் ஒரு மணி நேரமேனும் இதைப் பேசலாம். அப்பேச்சைக் கேட்டு ஒரு தாய் துணிந்து வைத்தியரிடம் சென்றால், "மொக்கு" என்றும் "குழப்படி" என்றும் ஏச்சு வாங்கும் ஒரு பிள்ளைக்கு உரிய உதவி கிடைக்கும்.