வகுப்பறைக் குப்பையில் ஒரு பாடம்

மாலை மணி அடிக்கும் முன் வகுப்பறைக் குப்பைத்தொட்டியைப் பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்தால் போதும், பாடம் தொடங்கிவிடும். பாதி எழுதிக் கிழித்த நோட்டுத் தாள், பென்சில் சீவல், மிட்டாய் உறை, மை தீர்ந்த பேனா, வாழைப்பழத் தோல். எதை வராமலே தடுத்திருக்கலாம், எதை இன்னொரு முறை பயன்படுத்தலாம், எது பழைய பேப்பர் கடைக்குப் போகும் என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். குறைப்பது, மறுபடி பயன்படுத்துவது, மறுசுழற்சி என்ற வரிசையை அப்போது மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காகிதத்தை ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் நார் குட்டையாகிறது. சுமார் ஐந்து முதல் ஏழு முறைக்குமேல் தாங்காது. மிட்டாய் உறைகள் பலவற்றில் பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிப்பது கடினம் என்பதால் காயலான் கடையில் விலைபோகாது. ஆகவே தாளின் இரு பக்கமும் எழுதுவதும், பேனாவைத் தூக்கி எறியாமல் ரீஃபில் மாற்றுவதும்தான் முதல் வேலை. ஆண்டு இறுதியில் பழைய நோட்டுகளில் மீந்த வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்து ரஃப் நோட்டு ஆக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதான். அதைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம்.

பள்ளிகள் அதிகம் விரும்பும் 'கழிவிலிருந்து கைவினை' பற்றி ஒரு வார்த்தை. காலி தண்ணீர் பாட்டிலை அப்படியே எடைக்குப் போடலாம். அதன்மேல் பசை தடவி, ஜிகினா தூவி, தெர்மாகோல் ஒட்டிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் அது குப்பைமேட்டுக்குத்தான் போகும். இதற்காகவே பெற்றோர் புது பாட்டில் வாங்கித் தருவதும் நடக்கிறது. மறுபயன்பாடு என்றால் அந்தப் பொருள் அன்றாடம் உழைக்க வேண்டும்: பென்சில் வைக்கும் டப்பாவாக, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பாட்டிலாக.

பிரிப்பதிலும் கவனம் தேவை. பழத்தோலும் சாம்பாரும் பட்ட தாளைப் பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார். எனவே தாளுக்கென்று தனியாக ஓர் அட்டைப்பெட்டி, உணவு மிச்சத்துக்கு மூடியுள்ள வாளி. பழத்தோலும் காய்ந்த இலையும் தோட்டத்து உரக்குழிக்குப் போகட்டும்.

குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயமாக்கின. ஆனால் பிள்ளைகள் பிரித்துப் போட்டதையெல்லாம் மாலையில் ஒரே சாக்கில் கொட்டினால், அதை அவர்கள் கவனிப்பார்கள். மறுநாள் பிரிக்க மாட்டார்கள். ஆகவே இரண்டாவது தொட்டி வாங்கும் முன்பே தலைமை ஆசிரியர் தூய்மைப் பணியாளர்களிடமும் பேப்பர் கடைக்காரரிடமும் பேசி, எதை யார், எந்த நாளில் எடுத்துச் செல்வார்கள் என்று முடிவுசெய்து வகுப்பில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.