புற்றுநோய் மருத்துவத்தில் நொதித் தடுப்பான்கள்: இமாட்டினிப் மருந்தின் உருவாக்கமும் அது தரும் படிப்பினைகளும்

ஆய்வுச் சுருக்கம்
உயிரணுப் பெருக்கத்தை நெறிப்படுத்தும் நொதி ஒன்று கட்டுப்பாட்டை இழப்பது சில புற்றுநோய்களுக்கு அடிப்படையாக அமைகிறது. அத்தகைய நொதியைத் தடுக்கும் மருந்து எவ்வாறு உருவாகிறது என்பதை, நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. தடுப்பானின் வெற்றி அது நொதியுடன் பொருந்தும் திறத்தை மட்டுமன்றி, நோய் அந்நொதியைச் சார்ந்திருக்கும் அளவையும் பொறுத்தது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நொதித் தடுப்பான், டைரோசின் கைனேஸ், இமாட்டினிப், இரத்தப் புற்றுநோய், மருந்து எதிர்ப்பு.

முன்னுரை
வழக்கமான வேதிமருத்துவம் விரைந்து பிரியும் உயிரணுக்களை அழிக்கிறது. புற்றணுக்களோடு எலும்பு மச்சை, குடலின் உட்படலம், மயிர்க்கால் ஆகியவற்றின் நல்லணுக்களும் அதனால் பாதிக்கப்படுகின்றன. நோய்க்குக் காரணமான நொதியை மட்டும் தடுக்க இயலுமாயின் இச்சேதத்தைக் குறைக்கலாம். இவ்வெண்ணம் நடைமுறைக்கு வந்தமைக்குச் சிறந்த சான்றாக இமாட்டினிப் விளங்குகிறது.

நோய்க்குரிய நொதியை அறிதல்
1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் இந்நோயாளிகளின் அணுக்களில் இயல்பினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9, 22 ஆகிய எண்களுடைய குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் அது தோன்றுகிறது என்பதை 1973-இல் ஜேனட் ரவுலி நிறுவினார். இம்மாற்றத்தால் பிசிஆர், ஏபிஎல் என்னும் இரு மரபணுக்கள் இணைவது 1980-களில் தெளிவாயிற்று. அவ்விணைப்பு மரபணுவைப் பெற்ற எலிகளுக்கும் இதனை ஒத்த நோய் தோன்றுவது 1990-இல் காட்டப்பட்டது. நோயின் அடையாளமாகக் கருதப்பட்டது நோயின் காரணமாகவே உறுதிப்பட்டது இக்கட்டத்தில்தான்.

ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ் நொதி. ஏடிபி மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களின் டைரோசின் மீது பொருத்துவது அதன் பணி. இயல்பான அணுவில் தேவைக்கேற்ப இயங்கி அடங்கும் இந்நொதி, பிசிஆர் புரதத்துடன் இணைந்தபின் ஓய்வின்றி இயங்குகிறது. 'பெருகுக' என்னும் குறிப்பு இடைவிடாது செல்வதால் வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன.

தடுப்பானை வடிவமைத்தல்
மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. அவற்றுள் ஏடிபி அமரும் குழிவுகள் பெரிதும் ஒத்தவை. எனவே ஒன்றைத் தடுக்கும் சேர்மம் பலவற்றையும் தடுத்துவிடும் என்னும் ஐயம் நிலவியது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மான் ஆகியோர் அடங்கிய குழு, புரத கைனேஸ் சி என்னும் வேறொரு நொதியைத் தடுத்த ஃபீனைல்அமினோபிரிமிடின் சேர்மத்திலிருந்து தொடங்கியது. பிரிடில் தொகுதியைச் சேர்த்தபோது உயிரணுவினுள் அதன் செயல்திறன் உயர்ந்தது. பென்சமைடு தொகுதி டைரோசின் கைனேஸ்களைத் தடுக்கும் ஆற்றலை அளித்தது. தக்க இடத்தில் சேர்க்கப்பட்ட ஒரே ஒரு மெத்தில் தொகுதி, புரத கைனேஸ் சி-யைத் தடுக்கும் பண்பை நீக்கியது. மெத்தில்பைப்பரசின் தொகுதி நீரில் கரையும் தன்மையைக் கூட்டியதால் வாய்வழி உட்கொள்ளத்தக்க மருந்தாயிற்று.

இத்தேர்வுத்திறனின் காரணத்தை 2000-இல் ஜான் குரியன் குழுவினர் வெளியிட்ட படிகக் கட்டமைப்பு விளக்கியது. கைனேஸ்கள் இயங்கும் நிலையில் ஒத்த வடிவின. ஓய்வு நிலையில் வேறுபடுகின்றன. இமாட்டினிப் ஏபிஎல் நொதியின் ஓய்வு நிலையைப் பற்றிக்கொண்டு, அது மீண்டும் இயங்காதவாறு நிறுத்துகிறது.

மருத்துவப் பயன்
1996-இல் பிரையன் ட்ரூக்கரும் லைடனும் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் மாதிரிகளில் பிசிஆர்-ஏபிஎல் கொண்ட அணுக்குழுமங்கள் 92 முதல் 98 விழுக்காடு வரை குறைந்தன. இயல்பான குழுமங்கள் பாதிக்கப்படவில்லை. 1998-இல் மனிதரிடத்து ஆய்வு தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 நோயாளிகளுள் 53 பேருக்கு இரத்த அணு எண்ணிக்கை இயல்புநிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. கிட் என்னும் கைனேஸையும் இது தடுப்பதால், 2002-இல் இரைப்பை-குடல் கட்டி வகை ஒன்றுக்கும் ஒப்புதல் பெற்றது.

எதிர்ப்பும் எல்லையும்
முற்றிய நிலையில் இருந்த நோயாளிகள் பலரிடம் மருந்தின் பயன் நீடிக்கவில்லை. நொதியின் 315-ஆம் இடத்தில் உள்ள திரியோனின், ஐசோலூசினாக மாறுவது இதற்குரிய காரணங்களுள் ஒன்று என 2001-இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றத்தால் மருந்தைப் பற்றும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று இழக்கப்படுகிறது. பருத்த ஐசோலூசின் குழிவின் வழியையும் மறிக்கிறது. அடுத்து வந்த டாசாட்டினிப், நிலோட்டினிப் ஆகியவை வேறு பல மாற்றங்களை வென்றும் இதனை வெல்லவில்லை. 2012-இல் ஒப்புதல் பெற்ற பொனாட்டினிப் இம்மாற்றத்தையும் தடுத்தது. ஆயினும் இரத்தக்குழாய் அடைப்பு அதன் கடும் பக்கவிளைவாயிற்று. 2021-இல் வந்த அசிமினிப், ஏடிபி குழிவை விடுத்து நொதியின் மற்றோர் இடத்தில் பிணைகிறது.

மற்றொரு வினாவும் எஞ்சுகிறது. ஈராண்டுக்கு மேலாக நோய்த்தடயம் காணப்படாதவர்கள் மருந்தை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய்த்தடயம் மீண்டது. நோயின் குருத்தணுக்கள் உயிர்வாழ இந்நொதியை முழுதும் சார்ந்திருக்கவில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். எனவே நோயாளிகள் பலர் நெடுங்காலம் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது. இந்நிலையில் மருந்தின் விலையே சிகிச்சையின் தொடர்ச்சியை முடிவுசெய்கிறது. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அவ்வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மருந்தைத் தொடர்ந்து வழங்க இத்தீர்ப்பு வழிவகுத்தது.

முடிவுரை
நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் தொடக்கநிலை ஏறத்தாழ ஒரே நொதியைச் சார்ந்தது. ஆதலின் ஒரே தடுப்பான் பெரும்பயன் தந்தது. பெரும்பாலான புற்றுநோய்கள் பல மரபணு மாற்றங்களின் கூட்டு விளைவாதலால், இவ்வெற்றியை அவற்றிடம் அப்படியே எதிர்பார்க்க இயலாது. நோயை இயக்கும் நொதியை ஐயமற நிறுவுதல், அதன் வடிவ வேறுபாட்டைப் பயன்படுத்துதல், அது மாறக்கூடிய வழிகளை முன்னுணர்தல், மருந்து நோயாளிக்கு எட்டும் விலையில் கிடைக்கச் செய்தல் ஆகிய நான்கும் இணையும்போதே நொதித் தடுப்பு ஆய்வு உயிர்காக்கும் மருத்துவமாக நிறைவு பெறும்.