முட்டைக்குள் ஓடும் மூச்சு

மூலனூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் களை கொத்தும்போது மண்ணுக்குள் ஒடக்கான் முட்டை தட்டுப்படும். எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிடுகிறோம். உடையாத முட்டை பொரிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்த உருட்டலே உள்ளிருக்கும் கருவின் மூச்சை நிறுத்திவிடலாம்.

காரணம் முதலை முட்டையில் துலக்கமாகத் தெரியும். தாராபுரம் வழியே ஓடும் அமராவதியின் மேல்பகுதியில், உடுமலைப்பேட்டைக்கு அப்பால் உள்ள அணையின் நீர்த்தேக்கத்தில் சதுப்பு முதலைகள் இயல்பாகவே பெருகுகின்றன. அங்கே கரையோரக் குழிகளில் கிடைத்த முட்டைகளைக் கொண்டுதான் 1970களின் நடுவில் அமராவதிநகர் முதலைப் பண்ணையே உருவானது.

இட்ட முட்டை முழுக்க ஒரே நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஒரு நாளில் மேல்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு திட்டு தோன்றும். கரு மேலே வந்து ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட இடம் அது. அங்கே ஓட்டுச் சவ்வு உலர்கிறது; நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் எளிதில் நுழைகிறது. நாளாக ஆக அந்தத் திட்டு முட்டையைச் சுற்றி அரைஞாண் போலப் படரும். அதன் அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வுதான் கருவின் நுரையீரல். கோழி முட்டையில் இருக்கும் காற்றறை இதில் இல்லை. முட்டையைப் புரட்டினால் ஒட்டிய கரு பிய்ந்துபோகும், அல்லது மஞ்சள் கருவின் பாரத்தில் நசுங்கும். அதனால்தான் முட்டை சேகரிப்பவர்கள் எடுப்பதற்கு முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போடுகிறார்கள்.

தண்ணீர் அதைவிடக் கொடியது. காற்றில் பரவுவதைப்போல நீரில் ஆக்சிஜன் பரவாது. வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். குழிக்குள் வெள்ளம் புகுந்து நின்றால் ஓடு உடையாமலேயே உள்ளே மூச்சடைத்துவிடும். பொரிக்கும் காலம் நெருங்க நெருங்க ஆக்சிஜன் தேவையும் கூடுவதால், கடைசி வாரங்களில் ஏறும் நீர்மட்டத்தால்தான் பெரிய இழப்பு.

இரண்டு மாதம் போல ஆனதும் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே கத்தும். தாய் குழியைத் தோண்டித் திறக்கும். ஓட்டைக் கீறி வெளிவந்ததும் வேலை நுரையீரலுக்கு மாறுகிறது: ஒரு தசை கல்லீரலைப் பின்னுக்கு இழுக்க, நெஞ்சுக்குள் இடம் விரிந்து காற்று புகும்.

துள்ளி ஓடும் அந்தக் குஞ்சின் வேகத்துக்கு மூச்சுக் காற்று மட்டும் ஈடுகொடுக்காது. ஆக்சிஜன் இல்லாமலே தசைகள் ஆற்றலைப் பறித்தெடுக்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். சிறிது நேரத்தில் சோர்ந்து கிடக்கும். படம் எடுக்கப் பிடித்த குஞ்சு கையில் அசையாமல் இருப்பது பெரும்பாலும் சாதுவாகிவிட்டதால் அல்ல, திமிறிக் களைத்ததால். அந்த அமிலம் வடிய நெடுநேரம் அது தொந்தரவின்றிக் கிடக்க வேண்டும்.