வெல்லும் கையும் தோற்கும் பந்தயமும்

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் ஒரு கட்டம். உங்கள் கையில் கிளாவர் ராஜாவும் ஸ்பேட் ராஜாவும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டுகள்: டைமண் ராஜா, ஸ்பேட் ஏழு, ஆர்ட்டினில் எட்டு, மூன்று, இரண்டு. மூன்று ராஜா சேர்ந்துவிட்டது. எதிரில் ஒரே ஆள். அவர் பந்தயம் கட்டாமல் ‘செக்’ என்று மேசையைத் தட்டிவிட்டார். நீங்கள் பணம் வைக்கலாம், அல்லது நீங்களும் செக் சொல்லிச் சீட்டைக் காட்டலாம்.

இந்த மேசையில் ஸ்ட்ரெய்ட்டுக்கு, அதாவது வரிசையாக ஐந்து சீட்டு அமைவதற்கு, வழியில்லை. பொதுச் சீட்டுகளில் ஜோடி இல்லாததால் ஃபுல் ஹவுஸும் (ஒன்றில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) வராது. உங்களை வெல்லக்கூடியது ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, ஒன்றுதான். அதற்கு எதிராளியின் இரண்டு சீட்டுமே ஆர்ட்டினாக இருக்க வேண்டும். நீங்கள் பார்க்காத சீட்டுகள் 45. அவற்றிலிருந்து இரண்டிரண்டாக 990 விதமாக எடுக்கலாம். அதில் இரண்டுமே ஆர்ட்டினாக அமைவது 45 விதம். 22-இல் ஒன்று! மீதி 945-ஐயும் நீங்கள் வெல்கிறீர்கள். பெரிதாகக் கட்டலாம் என்றே யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 945-இல் பெரும்பாலானவை பணத்தைக் கண்டதுமே கவிழ்ந்துவிடும். ராணியும் ஐந்தும் வைத்திருப்பவர் உங்களுக்குப் புதிதாக ஒரு பைசா தரமாட்டார். செக் சொல்லியிருந்தாலும் அவரிடம் ஜெயித்திருப்பீர்கள். கணக்கில் சேர்பவை, பணம் போட்டு உங்கள் சீட்டைப் பார்க்கத் துணியும் கைகள் மட்டுமே. உங்களிடம் தோற்பவற்றில் அப்படித் துணியக்கூடியவை எவை? எட்டு, ஏழு, மூன்று, இரண்டு இவற்றில் ஏதாவது ஒன்று மூன்றாகச் சேர்ந்த கைகள் 12. எட்டும் ஏழும் வைத்த கைகள் 9. இரண்டு ஏஸ் 6. மிச்சமிருக்கும் ஒரே ராஜாவும் வேறு இனத்து ஏஸும் 3. மொத்தம் 30. ஃப்ளஷ் வைத்திருப்பவரோ விலகவே மாட்டார். அந்த 45-உம் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நூறு ரூபாய் பந்தயத்துக்கு எதிராளி ஈடுகொடுக்கும் 75 தடவையில் 30 தடவை நூறு வரும், 45 தடவை நூறு போகும். சராசரியாகத் தடவைக்கு 20 ரூபாய் நஷ்டம்.

நிபந்தனை நிகழ்தகவு என்று கணிதப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். இவ்வளவு கூர்மையான உதாரணம் வகுப்பறைகளில் அபூர்வம். 95 சதவீதத்துக்கு மேல் முந்தி நிற்கும் கை, ‘எதிராளி ஈடுகொடுத்தால்’ என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

எதிராளி அந்த 45-ஐயும் கடைசிவரை கொண்டுவந்திருப்பாரா? நிதானமான ஆட்டக்காரர் ஒன்பதும் நான்கும் போன்ற கையை, ஒரே இனமாக இருந்தாலும், முதலிலேயே விட்டிருப்பார். ஃப்ளஷ் அமைந்தவர் செக் சொல்லாமல் தானே கட்டியிருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் கழித்து 45 என்பது 20 ஆகிவிட்டால், 30-க்கு 20. இப்போது கட்டுவதே லாபம். தோற்கும் கைகள் ஈடுகொடுக்கும் என்று நம்பிக் கட்டும் ‘வேல்யூ பெட்’ என்ற கலை எதிரில் இருப்பவரின் பழக்கத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது.

தொகையும் ஆளை வடிகட்டும். நடுவில் 100 ரூபாய் கிடக்க, நீங்கள் இன்னொரு 100 கட்டினால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் எதிராளிக்குக் கட்டுப்படியாகும். 25 கட்டினால் ஆறில் ஒன்று போதும். சின்னத் தொகைக்கு ஏஸ் ஜோடிக்காரரும் துணிவார். பெரிய தொகைக்கு அவர் விலகிக்கொள்ள, ஃப்ளஷ்காரர் மட்டும் மிஞ்சுவார். ஃப்ளஷ் பயமுள்ள மேசையில் சிறிதாகக் கட்டுவதற்கு இதுவே காரணம்.

ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரை எளிமையாக்கி ஆராய்ந்தார்கள். வலுவான கைகளோடு பெரிதாகக் கட்டு. மிக மோசமான சிலவற்றோடும் துணிந்து கட்டு. நடுத்தரக் கையோடு அடங்கியிரு. அவர்களுடைய கணக்கு காட்டிய வழி அது. எது நடுத்தரம் என்பதை மேசைதான் முடிவுசெய்கிறது. ஸ்பேட் ஏழின் இடத்தில் ஆர்ட்டின் ஏழு விழுந்திருந்தால், எதிராளிக்கு ஒரே ஓர் ஆர்ட்டின் போதும்: 990-இல் 360. ஒரு சீட்டு மாறியதில் ஆபத்து எட்டு மடங்கு. அப்போது உங்கள் மூன்று ராஜாவும் நடுத்தரக் கைதான். செக் சொல்லிச் சீட்டைக் காட்டுவதே சரி.