இடுப்பு பிடிச்சா 10 சிட்டிங் பேக்கேஜா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

படப்பையில ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடத்துக்கு ஷிப்ட் போறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. எட்டு மணி நேரம் நின்ன வேலை, அதுக்கு மேல வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல பைக். ஒரு நாள் குனிஞ்சு எதையோ எடுக்கும்போது இடுப்பு பிடிச்சுக்கும். அந்த வலியோடதான் பணம் போற முடிவையும் எடுக்கிறோம்: எம்.ஆர்.ஐ. எடுக்கவா, பிசியோதெரபிக்கு 10 சிட்டிங் பணம் மொத்தமா கட்டவா?

கொஞ்சம் பொறுங்க. திடீர்னு வர்ற இடுப்பு வலி பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானாவே குறையும். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியோட 2017 வழிகாட்டுதலும், மாத்திரைக்கு முன்னாடி சூட்டு ஒத்தடம், மசாஜ் மாதிரி விஷயங்களைத்தான் சொல்லுது. 2015-ல ஜாமா இதழ்ல வந்த ஆய்வுல 220 பேர். ஒரு குழுவுக்கு ஆரம்பத்துலயே 4 சிட்டிங் பிசியோ, இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மூணு மாசத்துல பிசியோ குழு கொஞ்சம் முன்னாடி இருந்தது. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பெரிய வித்தியாசம் இல்ல.

அப்போ பிசியோ வேஸ்ட்டா? இல்லங்க. எப்படி எழுந்திருக்கணும், எந்தப் பயிற்சியை வீட்டுல செய்யணும்னு கத்துக்கத்தான் அந்தக் காசு. அதுக்கு ஒண்ணு ரெண்டு சிட்டிங் போதுமான்னு கேளுங்க. ஒரு சிட்டிங் 500 ரூபாய்னு வெச்சுக்குவோம்; 10-க்கு முன்பணம் 5,000. மூணாவது சிட்டிங்ல வலி போயிட்டா மீதி 3,500 திரும்ப வருமா? அதனால ஒவ்வொரு தடவையும் தனித்தனியா கட்டுங்க.

ஆனா கால் பலவீனமாகுது, உட்காரும் இடம் மரத்துப் போகுது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டுல இல்ல, காய்ச்சல் இருக்கு, இல்ல கீழ விழுந்து வந்த வலின்னா கணக்கே போடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்போ நம்ம ஏரியா. மாச ஊதியம் 21,000 ரூபாய் வரைக்கும் உள்ளவங்க இ.எஸ்.ஐ.க்குள்ள வருவீங்க. 18,000 சம்பளம்னா உங்ககிட்ட 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் பிடிப்பாங்க, கம்பெனி 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டும். மாசா மாசம் 720 ரூபாய் போகுது, ஆனா வலி வந்தா கையில இருக்கிற காசை எடுத்துட்டு தனியார் கிளினிக்குக்கு ஓடுறோம். க்யூ இருக்கும், உண்மைதான். ஆனா மருத்துவம் மட்டும் இல்ல, லீவு காசும் அங்கதான் இருக்கு. ஒரு பங்களிப்புக் காலத்துல (ஆறு மாசம்) 78 நாளாவது பங்களிப்பு இருந்தா, அதுக்கு உரிய பலன் காலத்துல, இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழோட, சராசரி தினச் சம்பளத்துல 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். சராசரி தினச் சம்பளம் 600-னா ஒரு நாளைக்கு 420. முதல் ரெண்டு நாளுக்கு வராது. அஞ்சு நாள் லீவுன்னா 3 நாளுக்கு 1,260 ரூபாய்.

21,000 தாண்டிட்டவங்க கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸை நம்பி இருப்பீங்க. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாதான் வேலை செய்யும். வெளிநோயாளி பிசியோவுக்கு ஓ.பி.டி. கவர் இருக்கான்னு இந்த வாரமே ஹெச்.ஆர்.கிட்ட கேட்டு வைங்க.